மேட்டு நிலக்காரருக்குப் பணம் கொடுத்துக் கிணற்றைக் காப்பது எப்படி?

எங்கள் குடியிருப்பு மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலி பக்கம். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் வீடுகளான லயத்தை விட்டு வந்த 43 குடும்பங்கள் இங்கே இருக்கிறோம். சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு, 28 அடி ஆழம், சிமெண்டு வளையம் இறக்கியது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மொத்தக் குடியிருப்புக்கும் அதுதான் கதி. அந்தக் கிணற்றில் ஊறும் நீர் பெரும்பாலும் மேலே செம்பனை நிற்கும் சரிவில் பெய்து மண்ணில் இறங்கும் மழை. சரிவோ இன்னொருவருக்குச் சொந்தம்.

சரிவை வெட்டாமல், போர் (ஆழ்துளைக் கிணறு) போடாமல் வைத்திருக்க நிலக்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது என்று முடிவு செய்தோம். முதல் முறை தோற்றோம். 14 மாதம் பணம் கட்டிய பிறகு, நிலக்காரரான பெரியவர் நிலத்தை விற்றுவிட்டார். கையில் இருந்த ஒப்பந்தம் அவரைத்தான் கட்டுப்படுத்தியது, வாங்கியவரைக் கட்டுப்படுத்தவில்லை. புதிதாக வந்த தவுக்கே (நிலத்தை வாங்கிய முதலாளி) தம் நாற்றுப் பண்ணைக்குப் போர் போட்டார். அடுத்த பிப்ரவரியில் கிணற்று நீர் விளிம்பிலிருந்து 19 அடிக்குப் போய்விட்டது. பெண்கள் வாளிக் கயிற்றில் இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டு இறைத்தார்கள். தவுக்கே மேல் தப்பில்லை. எங்கள் பேச்சு வார்த்தையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

இரண்டாம் முறை 11 மாதம் அலைந்தோம். ஆனால் இப்போது அந்த ஏற்பாடு நிலப்பட்டாவிலேயே பதிவாகியிருக்கிறது. யார் நிலத்தை வாங்கினாலும் அது நிலத்தோடு போகும். நீங்கள் இந்த வேலையில் இறங்கினால் முதல் முறையே அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே சொல்லும் நிலச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. சபா, சரவாக்கில் சட்டம் வேறு. அலுவலகப் பெயர்கள் சிலாங்கூரை வைத்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. அரசாங்கம் இதற்குப் பணம் தரும் என்று யாராவது சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள். 2019 முதல் காடுகளைக் காக்க மத்திய அரசு தரும் ஈஎஃப்டி நிதி மாநில அரசுகளுக்குப் போவது. சரிவில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் கைக்கு அது வராது. பணம் உங்கள் குடியிருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

1. முதலில் கிணற்றை அளக்கப் பழகுங்கள்

அளவு இல்லாமல் நிலக்காரரிடம் பேசப் போகாதீர்கள். "முன்னே மாதிரி தண்ணி இல்லை" என்று சொன்னால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். எண்களோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார்.

செலவு மிகக் குறைவு. 10 மீட்டர் இரும்பு அளவு நாடா ஒன்று, பள்ளிக்கூடச் சாக்கட்டி, நாடா நுனியில் கட்ட ஒரு கனமான போல்ட். கிணற்று விளிம்பில் ஓரிடத்தில் ஆணியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். நாடாவின் கடைசி ஐந்தடிக்குச் சாக்கட்டியை நன்றாகத் தேய்த்து வெள்ளையாக்கி, நுனி தண்ணீருக்குள் போகும்வரை மெல்ல இறக்குங்கள். விளிம்பு அடையாளத்தில் நாடா சரியாக 15 அடி காட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு மேலே இழுங்கள். நனைந்த இடத்தில் சாக்கட்டி கறுத்திருக்கும். கறுப்பும் வெள்ளையும் சேரும் கோடு 3 அடி 2 அங்குலத்தில் இருந்தால், 15-இலிருந்து அதைக் கழியுங்கள். நீர் மட்டம் விளிம்பிலிருந்து 11 அடி 10 அங்குலம் கீழே இருக்கிறது. அரை அங்குல வித்தியாசம்கூட இதில் தெரியும். கல்லைக் கட்டிப் போட்டுச் சத்தம் கேட்கும் பழைய முறையில் அது தெரியாது.

வாரம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு, யாரும் இறைப்பதற்கு முன் அளங்கள். தேதி, அளவு, முந்தைய வாரம் பெரிய மழை பெய்ததா என்பதை நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதக் கணக்காவது வேண்டும். நம் பக்கம் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் மழை அதிகம். ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலையில் குறைவு. ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சியும் கணக்கில் வந்துவிட்டால் போதும்.

2. மேட்டில் நடப்பதுதான் காரணமா என்று சோதியுங்கள்

கிணறு வற்றினாலே மேட்டுக்காரர்தான் காரணம் என்று நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. கிணற்றுக்குள் சேறு அடைந்திருக்கலாம், நம் வீடுகளிலேயே மோட்டார் கூடியிருக்கலாம். முதலில் கிணற்றைத் தூர் வாருங்கள்.

அதன் பிறகு நிலக்காரரிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: மூன்று நாள் பம்பை நிறுத்த முடியுமா என்று. தவுக்கே சம்மதித்தார். மழை இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்தோம். முதல் நாள் காலையிலும் நான்காம் நாள் காலையிலும் அளந்தபோது நீர் 2 அடி 4 அங்குலம் ஏறியிருந்தது. பம்ப் திரும்ப ஓடியதும் இறங்கியது. அந்த இரண்டு பக்க நோட்டைக் காட்டியபோதுதான் அவருக்கும் விஷயம் புரிந்தது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் இறைப்பது உங்கள் கிணற்றில் தெரிகிறதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது.

மட்டம் அசையவில்லை என்றால் அவருக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை. உங்கள் பகுதியின் நிலத்தடி நீர் பற்றி ஜேஎம்ஜி எனப்படும் கனிம, புவி அறிவியல் துறையில் கேட்டுப் பாருங்கள். குழாய்க் கிணறுகளின் பதிவுகளும் புவியியல் வரைபடங்களும் அவர்களிடம் உண்டு.

3. பட்டாவைத் தேடிப் பாருங்கள்

நிலக்காரர் என்று நாம் நினைப்பவர் சட்டப்படி நிலக்காரராக இல்லாமல் இருக்கலாம். பணம் பேசும் முன் இதைச் செய்யுங்கள்.

நான்கு ஹெக்டருக்கு உட்பட்ட கிராமப்புற நிலத்துக்குப் பெரும்பாலும் கெரான் மூக்கிம் எனும் பட்டா இருக்கும். அது மாவட்ட நில அலுவலகத்தில் பதிவானது. எங்களுக்கு அது கோல குபு பாருவில். அதைவிடப் பெரிய நிலம், நகர நிலம் என்றால் ஷா ஆலமில் உள்ள மாநில நில அலுவலகத்துக்குப் போக வேண்டும். நிலத் துண்டுக்குரிய லாட் எண்ணும், அது இருக்கும் மூக்கிம் எனும் உள்வட்டாரத்தின் பெயரும் இருந்தால் தேடலுக்கு மனுக் கொடுக்கலாம். இரண்டு வகைத் தேடல் உண்டு: தனியார் தேடல், சாரியான் ரஸ்மி எனும் அதிகாரபூர்வத் தேடல். முதலில் தனியார் தேடல் போதும். பத்திரம் எழுதும் கட்டத்தில் அதிகாரபூர்வமானதை எடுங்கள்.

கையில் வரும் தாளில் ஐந்து இடங்களைப் பாருங்கள்.

உரிமையாளர் பெயர். எங்கள் பக்கம் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிலம் செத்துப்போன அப்பா பேரிலேயே இருக்கும், மகன் அனுபவித்துக்கொண்டிருப்பார். வாரிசுரிமை பெயர் மாறும்வரை மகனின் கையெழுத்துக்குப் பதிவு கிடைக்காது. அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பலர் பெயர் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

வங்கி அடமானம். இருந்தால் மூலப்பட்டா வங்கியில் இருக்கும். வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை நிலக்காரரே கேட்டு வாங்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

சியாராட் ஞாத்தா, அதாவது நிலத்துக்கான வெளிப்படை நிபந்தனை. "செம்பனை" என்றோ "ரப்பர்" என்றோ எழுதியிருந்தால், நிலத்தைச் சும்மா போடச் சொல்லி நாம் பணம் தர முடியாது. நிபந்தனையை மீறினால் நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. எங்கள் முதல் ஒப்பந்தத்தில் "நிலத்தைத் தரிசாக விட வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு எழுதியிருந்தோம். அந்தப் பட்டாவில் செம்பனை நிபந்தனை இருந்தது. பெரியவருக்கு எவ்வளவு பெரிய ஆபத்தை உண்டாக்கப் பார்த்தோம் என்று பிறகுதான் தெரிந்தது. மரம் நிற்கட்டும். போர் வேண்டாம், சரிவை வெட்ட வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள்.

செக்காத்தான் கெப்பெந்திங்கான், உரிமை மீதான தடை. மாநில அரசின் சம்மதம் இல்லாமல் மாற்றவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று இருந்தால் அந்தச் சம்மதத்துக்குத் தனி மனு. மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் மேற்கொண்டு செலவு செய்யும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடைசியாக, ஆற்று ஒதுக்கு நிலம். சரிவில் ஓடை இருந்தால் அதன் கரை அரசாங்க ஒதுக்காக இருக்கலாம். அரசாங்க நிலத்தைக் காப்பதற்குத் தனியாருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

4. லுவாஸில் கேளுங்கள்

சிலாங்கூரில் நிலத்தடி நீர் எடுக்க லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்தின் லைசன்ஸ் வேண்டும். 1999-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. கெடாவில் இருப்பவர்களுக்கு அங்குள்ள மாநில நீர்வள வாரியம்.

மேட்டுக்காரரின் போருக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டு நகல் வாங்குங்கள். லைசன்ஸ் இல்லாத போரை நிறுத்தப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த நிலத்துக்காரரும் போர் போட்டுவிட்டு நம்மிடம் வருவார். முதலில் அவர் சட்டப்படி சரிசெய்யட்டும், பிறகு பேசலாம். தவுக்கேயிடம் லைசன்ஸ் இருந்தது. அதனால்தான் அவர் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு விலை இருந்தது.

உங்கள் கிணற்றைப் பற்றியும் அதே பயணத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நம் கிணறு கேள்விக்குறியாக இருக்கும்போது பிறர் போரைப் பற்றிப் பேச முடியாது.

5. உங்கள் பக்கம் யார் கையெழுத்திடுவது?

நாங்கள் கோயில் நிர்வாகத்தைக் கையெழுத்திட வைக்கத்தான் நினைத்தோம். ஊரில் அதற்குத்தான் மரியாதை. ஆனால் தோட்டத்துக் கோயில்கள் பலவற்றைப் போல எங்கள் கோயிலும் சொந்தப் பட்டா இல்லாத இடத்தில் நிற்கிறது. பட்டா இல்லையென்றால் கீழே சொல்லப்போகும் நல்ல வழி அடைபட்டுவிடும். நல்லவேளையாகக் கிணறு இருக்கும் சங்க மனைக்குப் பட்டா இருந்தது. வேலை போனபோது கிடைத்த இழப்பீட்டிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிய மனை அது.

சங்கம் சங்கப் பதிவகத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை கொடுத்திருக்க வேண்டும். நிலப் பத்திரத்தில் சங்கத்துக்காக மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். அவர்கள்தான் பொறுப்பாளர்கள் என்று பதிவகத்தின் சான்றிதழும் வேண்டும். தேர்தல் நெருங்கும் நேரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். பொறுப்பாளர் மாறினால் சான்றிதழ் மறுபடி. எங்களுக்கு அப்படியே ஏழு வாரம் போனது.

பொதுக்கூட்டத் தீர்மானத்தில் மூன்று விவரம் தெளிவாக வரட்டும்: எந்த லாட், ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை ஆண்டு. வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தீர்மானத்தைத்தான்.

6. எந்தப் பத்திரம்?

எல்லாமே இந்த இடத்தில்தான் நிற்கிறது, அதனால் மெதுவாகப் படியுங்கள்.

நாங்கள் முதல் முறை எழுதியது சாதாரண ஒப்பந்தம். பத்து வெள்ளி (ரிங்கிட்) ஸ்டாம்ப் அடித்து, இரண்டு சாட்சி வைத்து, மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம். நீதிமன்றத்தில் அது செல்லும், ஆனால் கையெழுத்திட்டவர் மீது மட்டும். நிலம் விற்றதோடு அதன் வேலை முடிந்துவிட்டது.

நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் வழி இஸ்மென். தேசிய நிலச் சட்டத்தின் 282-ஆம் பிரிவிலிருந்து இது வருகிறது. ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின் மீது கொடுக்கும் உரிமை அது. வழித்தடம் விடுவதற்கு இதைப் பயன்படுத்துவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 283-ஆம் பிரிவைப் படித்தால், அடுத்த நிலத்தில் ஒன்றைச் செய்யும் உரிமையோடு, அங்கே ஒன்றைச் செய்யக் கூடாது என்று கேட்கும் உரிமையும் இஸ்மென்னாக இருக்கலாம் என்று இருக்கிறது. எங்கள் வேலை முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. போர் போடக் கூடாது, சரிவை வெட்டக் கூடாது, பழைய குளத்தை மூடக் கூடாது. எல்லாம் "கூடாது" வகை.

அதே பிரிவு ஒன்றைத் தடுக்கவும் செய்கிறது. அடுத்த நிலத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளும் உரிமை இஸ்மென் ஆகாது. எனவே "நிலத்தடி நீரைப் பெறும் உரிமை" என்று எழுதினால் பத்திரம் திரும்பி வரும். எங்கள் வரைவில் "நீருக்கான விலை" என்று ஓரிடத்தில் இருந்தது. வழக்கறிஞர் அம்மா பேனாவால் அடித்துவிட்டு, "தண்ணி உங்களுக்கும் சொந்தமில்ல, அவருக்கும் சொந்தமில்லண்ணே. நீர் வளம் மாநிலத்தோட அதிகாரம். அவர் நிலத்தை இப்படி வெச்சுக்கிறதுக்குத்தான் நீங்க காசு கொடுக்கிறீங்க" என்றார். பத்திரம் முழுக்க அந்த எண்ணத்தில் எழுதுங்கள்.

இஸ்மென்னுக்கு இரண்டு பக்கமும் பட்டா வேண்டும். உங்களிடம் பட்டா இல்லையென்றால் அடுத்த வழி பஜாக்கான், அதாவது பதிவு செய்த குத்தகை. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் போராங் 15ஏ எனும் படிவம் வழியாகப் பதிவாக வேண்டும். நிலத்தின் ஒரு பகுதி என்றால் அதிகபட்சம் 30 ஆண்டு. சரிவில் முக்கியமான அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். செலவு கூடும், பராமரிப்பும் உங்கள் தலையில்.

அதுவும் முடியாவிட்டால் மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகை. அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் பதிவு தேவையில்லை என்பதற்காக அப்படியே விடாதீர்கள். போராங் 13டி கொடுத்துப் பட்டாவில் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். குறிப்பு இருந்தால் நிலத்தை வாங்குபவரும் அந்த வாடகைக்குக் கட்டுப்படுவார்.

நீண்ட காலம் அனுபவித்ததால் உரிமை வந்துவிட்டது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நம் நாட்டு நிலச் சட்டத்தில் அப்படி இஸ்மென் கிடைக்காது. எத்தனை தலைமுறை இறைத்திருந்தாலும் எழுத்து வேண்டும்.

7. பத்திரத்தில் என்ன எழுதினோம்

தவுக்கேயின் ஐந்து ஏக்கரில், கிணற்றுக்கு நேர் மேலே இருக்கும் இரண்டு ஏக்கரை மட்டும் வரைபடத்தில் குறித்தோம். முழு நிலத்தையும் கேட்டிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார், தேவையும் இல்லை. அந்த இரண்டு ஏக்கரில் போர் கூடாது, சரிவை வெட்டிச் சமன்படுத்தக் கூடாது, குளத்தை மூடக் கூடாது, கிணற்றுப் பக்க எல்லையில் 100 அடிக்குள் களை மருந்து அடிக்கக் கூடாது. காலம் 15 ஆண்டு.

"நிலக்காரர் சில்ட் பிட் வெட்டிப் பராமரிக்க வேண்டும்" என்றும் எழுத ஆசைப்பட்டோம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே மழைநீர் நின்று இறங்க வெட்டும் குழியைத்தான் சொல்கிறேன். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவரை ஒன்றைச் செய்ய வைக்கும் உரிமை இஸ்மென்னில் அடங்காது. நாங்கள் உள்ளே போய்ச் செய்யும் உரிமை அடங்கும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை நாங்களே நுழைந்து குழிகளைத் தூர் வாரவும், வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கவும் உரிமை என்று மாற்றினோம். இப்போது மார்ச்சிலும் செப்டம்பரிலும் மண்வெட்டியோடு இருபது பேர் ஏறிப்போகிறோம்.

பழைய போரை முறையாகச் சிமெண்டால் அடைத்து மூடுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். திறந்து கிடக்கும் போர் அழுக்கை நேராக நிலத்தடிக்குக் கொண்டுபோகும். மூடிய அன்று எடுத்த படங்கள் எங்கள் கோப்பில் இருக்கின்றன. தவுக்கே இப்போது லுவாஸ் அனுமதியோடு நிலத்தின் மறுபக்கத்துக் குளத்திலிருந்து இறைக்கிறார்.

8. எவ்வளவு கொடுப்பது?

வெளிநாடுகளில் இதற்கு மூன்று கணக்கு முறைகளைப் பார்த்தேன். ஜப்பானின் குமமோத்தோ நகரம் குடிநீருக்கு முழுக்க நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. 2004 முதல் அங்கே ஆற்றோர வயல்காரர்களுக்குப் பயிர் இல்லாத காலத்தில் வயலில் நீர் நிறுத்தி வைக்கப் பணம் தருகிறார்கள். பரப்புக்கும் நாட்களுக்கும் ஏற்றபடி தொகை. கலிபோர்னியாவின் பஹாரோ பள்ளத்தாக்கில், நிலக்காரர் மண்ணுக்குள் இறக்கிய மழைநீரை அளந்து, அவர் கட்ட வேண்டிய நீர்க் கட்டணத்தில் கழிக்கிறார்கள். டெக்சாஸின் சான் அண்டோனியோ பக்கம், விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகை. அக்டோபர் முதல் தேதி அளவுக் கிணற்றின் நீர் மட்டம் குறித்த எல்லைக்கு இறங்கியிருந்தால், அடுத்த ஆண்டு அவர்கள் பாசனத்தை நிறுத்த வேண்டும், அந்த ஆண்டுக்குக் கூடுதல் தொகை உண்டு.

எங்களுக்கு மூன்றாவது முறைதான் பிடித்தது. குடும்பத்துக்கு மாதம் 7 வெள்ளி போட்டோம். 43 குடும்பத்துக்கு ஆண்டில் 3,612 வெள்ளி. அதில் 3,600 நிலக்காரருக்கு. ஜூலை முதல் தேதி கிணற்று நீர் விளிம்பிலிருந்து 16 அடிக்குக் கீழே போயிருந்தால் அந்த ஆண்டு மேலும் 1,200; பதிலுக்கு, மழை திரும்பும்வரை மறுபக்கக் குளத்திலிருந்து இறைப்பதையும் அவர் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்தப் பகுதி மட்டும் தனி ஒப்பந்தம், அவருக்கும் எங்களுக்கும் இடையில். கூடுதல் தொகைக்காகத் தனி நிதி இப்போதே சேர்க்கிறோம், கோயில் திருவிழா அன்று ஒரு உண்டியல்.

மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அதேபோல் மிகக் குறைத்தும் கேட்காதீர்கள். அவர் வேறு எதற்கோ நிலத்தைப் பயன்படுத்தினால் கிடைக்கும் வருமானத்துக்குக் கொஞ்சமாவது அருகில் வர வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் மனம் கசந்துவிடும். தொகை அவருக்கு வருமானம், வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. கையெழுத்து, ஸ்டாம்ப், பதிவு

இஸ்மென்னுக்குப் போராங் 17ஏ. வழக்கறிஞர் முன்னிலையிலோ நில நிர்வாகி முன்னிலையிலோ கையெழுத்திட வேண்டும். பதிவுக்கு நாங்கள் கொண்டுபோனவை:

- ஸ்டாம்ப் அடித்த போராங் 17ஏ
- இரண்டு நிலங்களின் மூலப்பட்டா
- குறித்த பகுதியின் வரைபடம்
- அந்த ஆண்டின் நில வரி ரசீதுகள், இரு தரப்பும்
- அடையாள அட்டை நகல்கள்
- மூன்று பொறுப்பாளர்களுக்கான சங்கப் பதிவகச் சான்றிதழ், தீர்மான நகல்

கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் ஸ்டாம்ப் அடித்துவிட வேண்டும். தாமதமானால் மூன்று மாதத்துக்குள் 50 வெள்ளி அல்லது குறைந்த தீர்வையில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது அபராதம். மூன்று மாதம் தாண்டினால் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு. குத்தகை வழியில் போகிறவர்கள் கவனிக்க: ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த ஸ்டாம்ப் தீர்வை விலக்கு 2025 ஜனவரி முதல் கிடையாது. ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 7 வெள்ளி. 3,600-க்கு 15 பங்கு வரும், ஆக 105 வெள்ளி. பழைய கணக்கை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள்.

கையெழுத்துக்கும் பதிவுக்கும் நடுவில் பல வாரங்கள் ஓடும். அந்த இடைவெளியில் நிலம் விற்றுப்போகாமல் இருக்க, போராங் 19பி வழியாகத் தனியார் காவியாட், அதாவது வேறு யாரும் உரிமை மாற்றிப் பதியாமல் தடுக்கும் குறிப்பு, போடச் சொல்லுங்கள். அது ஆறு ஆண்டுவரை நிற்கும், பதிவானதும் நீக்கிவிடலாம். நிலக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போடுங்கள். தெரியாமல் போட்டால் வழக்குப் போட்டதுபோல் அவருக்குத் தோன்றும்.

எங்களுக்கு ஆன செலவு: வழக்கறிஞருக்கு 2,800 வெள்ளி, வரைபடத்துக்கு 1,500, தேடல், ஸ்டாம்ப், பதிவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 600. நிலக்காரரின் செலவையும் நாங்களே ஏற்றோம். நேரக் கணக்கு: பேச்சு மூன்று மாதம், வங்கிச் சம்மதமும் சங்கச் சான்றிதழும் நான்கு மாதம், பத்திர வரைவு இரண்டு மாதம், பதிவு இரண்டு மாதம்.

பதிவு முடிந்ததும் வழக்கறிஞர் சொல்லை மட்டும் நம்பாமல் மறுபடி ஒரு தேடல் எடுங்கள். இரண்டு பட்டாவிலும் இஸ்மென் குறிப்பு ஏறியிருப்பதைக் கண்ணால் பாருங்கள்.

10. ஒவ்வோர் ஆண்டும்

நில வரி மே 31-க்குள் கட்ட வேண்டும். நாங்கள் தவணையை மே 15 என்று வைத்தோம். அந்தப் பணத்திலிருந்து அவர் வரியைக் கட்டிவிட்டு ரசீது நகலைத் தருவார். வரி பாக்கி நின்றால் நிலமே பறிபோகலாம் என்பதால் அந்த நகல் நமக்கு முக்கியம்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள், சங்கக் கணக்கில் இருவர் கையெழுத்தோடு. வாரக் கணக்கு நோட்டை நிறுத்தாதீர்கள். எங்கள் நோட்டை இப்போது இடைநிலைப் பள்ளி மாணவி ஒருத்தி எழுதுகிறாள். நேற்று சனிக்கிழமை, காலை ஏழு மணி, 11 அடி 4 அங்குலம், முந்தைய வாரம் இரண்டு மழை.